முனி காவலில் விட்ட முளைக்கட்டைகள்

மலையாகி நிற்பவனே, மலைக்குள் எவரும் காணாமல் ஊறும் நீராகி நடப்பவனே, அறிந்தோம் என்பார்க்கு அப்பாலும் அறியோம் என்பார்க்கு அருகிலும் இருக்கும் பெருமானே, உன் தாள் தொட்டு எழுதத் தொடங்குகிறேன். இந்த எழுத்தில் புகழ்ச்சி புகாதிருக்க வேண்டும். பழியும் புகாதிருக்க வேண்டும். கண்டது கண்டபடி வர வேண்டும். வேறு வேண்டுதல் இல்லை.

இன்று தைப்பூசம். எங்கள் தோட்டத்து அம்மன் கோவிலில் இவ்வாண்டு காவடி இல்லை, பால்குடம் இல்லை. கோவில் முன்றிலில் தார்ப்பாய்ப் படங்குக் கூடாரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் வீடிழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உறங்கும் இடத்தைத் தாண்டிக்கொண்டு தேரிழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் மட்டும் நீராடி, நீறணிந்து, ஒரு பதிகத்தை அடங்கிய குரலில் ஓதிவிட்டு இந்தத் தாளை எடுத்தேன். நான் சொல்லப்போவது மங்கலச் செய்தி அன்று. ஆயினும் மறைக்கத் தக்க செய்தியும் அன்று.

பசறையிலிருந்து மேலேறி வரும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. நான் இங்கே பிறந்தவன். இங்குள்ள பாடசாலையிலேயே சைவநெறியும் தமிழும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். தோட்டத்தின் உச்சியில் தேயிலை ஏறாத ஒரு துண்டுக் காடு உண்டு. சுற்றியிருந்த மலை முழுவதையும் வெட்டி நிரைபிடித்து நட்டவர்கள் அந்தத் துண்டை மட்டும் ஏன் விட்டார்கள் என்பது எவருக்கும் தெரியாது. காவல் தெய்வமான முனி விடவில்லை என்று எங்கள் மக்கள் சொன்னார்கள். காட்டின் கீழ் விளிம்பில், ஒரு பெரிய அத்தி மரத்தடியில், முனியின் கல்லும் சூலங்களும் மரமுளைகளும் நின்றன. அதற்கு நேர் கீழே, சரிவின் அடியில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் எங்கள் கடைசி லயம். காட்டுக்குள் பிறக்கும் ஊற்று ஒன்று மூங்கில் வழியாக இறங்கி, லயத்துக்கு அருகே பீலியாக விழுந்தது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் அந்த ஒரு நீர்தான்.

அந்தக் காட்டுக்குள் செருப்போடு எவரும் போகமாட்டார்கள். விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கமாட்டார்கள். அடுப்புக்கு விறகில்லாமல் ஈரத் தேயிலைக் குச்சியான மிலாறை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்கள், காய்ந்த கிளைகள் குவிந்து கிடக்கும் அந்தக் காட்டைத் திரும்பியும் பார்க்காமல் நடந்து போவதை நான் வாழ்நாள் முழுவதும் கண்டிருக்கிறேன்.

முனிக்குப் பூசாரி என் மச்சான். என் தங்கையின் கணவர். தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனிதர். தங்கை காலமான பின் அவரும், மகளும், மகளின் இரு குழந்தைகளும் கடைசி லயத்தின் கோடிக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், இருந்தார்கள். மருமகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மச்சானுக்கும் எனக்கும் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. நான் அம்மன் கோவிலில் பதிகம் ஓதுபவன். பலி உள்ள இடத்துக்குப் போகாதவன். அதை அவர் எப்போதும் குத்திக்காட்டுவார்.

"ஒங்க சாமிக்கு விடிய விடியப் பாட்டு வேணும் மச்சான். எங்க ஆளுக்கு ஒரு சுருட்டுப் போதும். பாட்டுப் பாடித் தூங்க வச்சுட்டீங்கன்னா, அப்புறம் காவலுக்கு யாரு நிக்கிறது?"

இப்படிச் சொல்லிவிட்டு வெற்றிலைச் சாறு ஒழுகச் சிரிப்பார். அவருக்கு மறுமொழி சொல்லி நான் வென்றதில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு மாரியில் காட்டின் கீழ் விளிம்பில் நிலம் வெடித்தது. அத்தி மரத்துக்குச் சற்றுக் கீழே, சரிவுக்குக் குறுக்காக, கை நுழையும் அகலத்தில் ஒரு கோடு. பதுளையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்பின் மேற்கரையில் ஒன்றும் கீழ்க்கரையில் ஒன்றுமாகச் சோடி சோடியாக முளைக்கட்டைகளை அடித்து இறுக்கி, தலையில் சிவப்பு மை பூசினார்கள். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே உள்ள தூரத்தை நாடாவால் அளந்துவர வேண்டும். தூரம் கூடினால் மலை நகர்கிறது என்று பொருள். உடனே தங்களுக்கு அறிவித்துவிட்டு லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று விளக்கினார்கள். வேறு இடத்தில் வீடு கட்டித் தருவதாகவும் பேச்சு இருந்தது. இடம் வரவில்லை, பேச்சு மட்டும் அவ்வப்போது வந்தது. அளக்கும் பொறுப்பு பாடசாலையின் சுற்றாடல் கழகத்திடம் விடப்பட்டது.

அந்தக் கழகத்தை நடத்தியவர் விஞ்ஞான ஆசிரியை. யாழ்ப்பாணத்துப் பெண், முதல் நியமனத்திலேயே இந்த மலைக்கு வந்தவர். மாற்றம் கேட்டு எழுதாமல் தங்கிய ஆசிரியர்களில் ஒருவர் என்பதால் எங்கள் மக்கள் அவரைத் தம் பிள்ளைபோல் வைத்திருந்தார்கள். மண் எப்படி நீரைக் குடிக்கிறது, வேர் எப்படி மண்ணைப் பிடிக்கிறது, பிடி விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரு தகரத் தட்டில் மண்ணைச் சரிவாகக் குவித்து, மேலே நீரூற்றிக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பெற்றோரையும் அழைத்துக் காட்டினார். அவர்களும் கைதட்டினார்கள். அந்தக் கிழமையே முளைக்கட்டைகளில் பாதி காணாமற் போயிற்று. நல்ல காய்ந்த மரம். அடுப்பில் நன்றாக எரியும்.

புதிய கட்டைகள் அடிக்கப்பட்டன. அவையும் போயின. ஒரு மாலை அந்த ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, அந்தக் காட்டுக்குள்ள கிடக்கிற ஒரு சுள்ளியும் ஆரும் தொடேல்லை. தங்கட உயிரைக் காக்கிற கட்டையை மட்டும் ஏன் பிடுங்கி எரிக்கினம்? நான் எத்தினை தரம் விளங்கப்படுத்திப் போட்டன்."

அவர்களுக்கு விளங்கவில்லை என்று நான் நினைக்கவில்லை. விளங்கியது; ஆனால் விளங்கிய ஒன்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்றும் அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். சுள்ளி முனியுடையது, கட்டை யாருடையதும் அல்ல. இதை நான் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கட்டைகளையும் முனியிடமே ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டார். கடவுளைக் காவற்காரனாக வேலைக்கு அமர்த்துவது எனக்கு உவப்பில்லை என்று சொன்னேன். தெய்வத்தின் பெயரால் சொல்லப்பட்டதை நாளைக்கு மனிதர் பெயரால் மாற்ற முடியாது என்றும் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நேரே மச்சானிடம் போனார்.

மச்சானுக்கு மகிழ்ச்சி. படித்த பிள்ளை ஒருத்தி முனியின் உதவி கேட்டு வந்திருக்கிறாள் என்பதைப் பீலிக்கரை முழுவதும் சொல்லி முடித்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கற்பூரம் கொளுத்தி, ஒவ்வொரு முளைக்கட்டைக்கும் மஞ்சள் பூசி, மஞ்சள் துணி கட்டி, நீறிட்டு, இவை இனி முனியின் காவல் என்று அறிவித்தார். ஆசிரியையும் பக்கத்தில் நின்று, கட்டைகளை முனி பார்த்துக்கொள்வார், ஒருவரும் தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அன்றிலிருந்து ஒரு கட்டையும் காணாமற் போகவில்லை.

அது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. பதுளையில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் அவரை எழுப்பிப் பேசச் சொன்னார்களாம். மக்களின் நம்பிக்கையைப் பகைக்காமல் சுற்றாடலைக் கற்பிக்கும் வழி என்று பாராட்டினார்களாம். அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிறைவை நான் குறைக்க விரும்பவில்லை. அது பொய்யான நிறைவும் அன்று. கிட்டத்தட்ட ஓராண்டு அந்தக் கட்டைகளில் ஒன்றும் அடுப்புக்குப் போகவில்லை.

ஆனால் அந்த ஓராண்டுக்குள் வேறொன்று மெல்ல நடந்தது. முதலில் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். பிறகு கும்பிட்டுவிட்டு அளந்தார்கள். பிறகு வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் அங்கே போகக்கூடாது என்று வீடுகளில் தடுத்தார்கள். முடிவில் ஆசிரியை ஒருவரே நாடாவோடு ஏறி இறங்கினார். ஒருநாள் அவர் அழைத்துச் சைவநெறிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். இடைவேளையில் கழகத்துப் பிள்ளைகளிடம், கட்டைகள் எதற்காக நிற்கின்றன என்று கேட்டேன். ஒரு சிறுமி எழுந்து தெளிவாகச் சொன்னாள்.

"முனி அதுல கைய வச்சு மலயத் தாங்கிப் புடிச்சிருக்காருங்க சார். கட்ட இருக்கிற வரைக்கும் மல வராது."

மற்றப் பிள்ளைகளும் தலையசைத்தார்கள். ஆசிரியை சிரித்து, அவள் சொன்னதைத் திருத்தி, நாடாவையும் தூரத்தையும் மறுபடி விளக்கினார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அளப்பதற்காக அடித்த கட்டை, தாங்குவதற்காக அடித்த கட்டையாக மாறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அளக்கும் கட்டை நமக்கு வேலை வைக்கும். தாங்கும் கட்டை நம்மை உறங்க வைக்கும்.

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்துத் தொடங்குமுன் முனிக்குப் பூசை போடாமல் எவரும் கத்தியைத் தொடமாட்டார்கள். அந்தப் பூசைக்கு ஒரு முறை உண்டு. முனிக்குரிய சூலங்களையும் முளைகளையும் முதலில் பிடுங்குவார்கள். ஊற்றுக்குக் கொண்டுபோய்க் கழுவி, எண்ணெயும் மஞ்சளும் பூசி, முனியின் முற்றத்தைச் செதுக்கிச் சாணம் மெழுகி, மறுபடி நேர்நிரையாக நடுவார்கள். பழைய குழியில் வைப்பதில்லை. புதுக்குழி தோண்ட வேண்டும். ஓராண்டின் தீட்டு அதனால் கழிவதாக நம்பிக்கை. தலைமுறை தலைமுறையாக நடப்பது. பலி உள்ள பூசையாதலால் நான் போவதில்லை. எனவே சென்ற ஆண்டும் போகவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியையும் ஊரில் இல்லை. முனிக்குரிய முளைகள் என்று ஆகிவிட்டபின், சிவப்பு மை பூசிய கட்டைகளை மட்டும் அழுக்கோடு விடுவது எப்படி? அவற்றையும் பிடுங்கினார்கள். கழுவினார்கள். நடுவில் பிளந்து கிடந்த நிலத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், மண் கொட்டி நிரப்பி, மிதித்து இறுக்கி, சாணம் மெழுகினார்கள். பிறகு கட்டைகளை அழகாக, இணை பிரியாமல், பழைய குழிகளுக்குப் பக்கத்தில் நட்டார்கள். அன்பினால் செய்த காரியம். அதில் ஒரு துளியும் அசட்டை இல்லை.

அடுத்த கிழமை ஆசிரியை அளந்தபோது தூரம் சற்றுக் குறைந்திருந்தது. இடையில் பெய்த மழை சாணத்தையும் கால்தடங்களையும் கழுவியிருந்தது. முதல் மழையில் களிமண் ஊதி வெடிப்பு மூடிக்கொண்டது என்று அவர் எண்ணினார். மகிழ்ச்சியோடு பதுளைக்கு அறிவித்தார். அங்கும் மகிழ்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் பார்க்க வேண்டிய மலைகள் பல.

கார்த்திகையில் மழை பிடித்தது. தொடங்கிய மழை நிற்கவில்லை. பசறைப் பாதையில் பல இடங்களில் மண் விழுந்து பஸ் நின்றது. மின்சாரம் போயிற்று. அன்று காலையில் ஆசிரியை அளப்பதற்காக மேலே ஏறினார். ஒரு கட்டையில் கைவைத்தபோது அது பல்லாடுவதுபோல் ஆடிற்று. அடித்து இறுக்கிய கட்டை அப்படி ஆடாது. திரும்பி வரும் வழியில் கழகத்துச் சிறுமி ஒருத்தியைக் கண்டு விசாரித்திருக்கிறார். பூசைக்குப் பிடுங்கிக் கழுவி நட்டது, எப்போதும் அப்படித்தான் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

நனைந்த சேலையோடு ஆசிரியை என் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, இந்த ரெண்டு மூண்டு மாதமா நான் மலையை அளக்கேல்லை. அவையள் நட்டு வைச்ச அழகை அளந்திருக்கிறன்."

தொலைபேசியில் பதுளையைப் பிடித்தார். தங்களால் வர முடியாது, பாதை இல்லை, எல்லாரையும் உடனே பாடசாலைக்கு இறக்குங்கள் என்று சொன்னார்கள். நானும் அவரும் குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி லயத்துக்குப் போனோம். பகல்தான், ஆனால் பொழுது சாய்ந்ததுபோல் இருண்டிருந்தது.

மச்சான் காம்பரா வாசலில் சாக்கை விரித்து அமர்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். லயத்துச் சனங்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். ஆசிரியை எல்லாவற்றையும் சொன்னார். கட்டைகள் இடம் மாறியதால் அளவு பிழைத்தது என்றார். வெடிப்பு மூடவில்லை, மூடப்பட்டது என்றார். மலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது என்றார். ஒருவரும் அசையவில்லை. மச்சான் பாக்குவெட்டியை மடித்து வைத்தார்.

"டீச்சரம்மா, முனி பாத்துக்குவாருன்னு நீங்கதானே சொன்னீங்க? புள்ளைங்க எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே நின்னுச்சுங்க?"

"சொன்னனான். கட்டையை நீங்கள் எரிக்காமல் இருக்கிறதுக்காகச் சொன்னனான். அது பொய்."

"நீங்க பொய் சொல்லியிருக்கலாம். அவரு பொய்யில்லீங்களே."

நான் என் முறைக்குச் சொன்னேன், மச்சான் கேட்டுக்கொண்டார். சுருட்டுக் கேட்காத சாமிக்காரர் வந்து சுருட்டுச் சாமியைப் பற்றிப் பேசலாமா என்று கேலி செய்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மழையில், அந்தச் சரிவின் கீழ், அவர்கள் சிரித்த ஓசை இப்போதும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் அவர் மகள், என் மருமகள், பீலியிலிருந்து வந்தாள். கையில் வாளி, வாளியில் மழைநீர் மட்டும் அடியில் கிடந்தது.

"அப்பா, பீலியில தண்ணி வரல. காலையில கலங்கலா வந்துச்சு. இப்ப சுத்தமா நின்னுருச்சு."

சிரிப்பு நின்றது. எந்தக் கோடையிலும் நிற்காத நீர் அது. வானம் முழுவதும் நீராக விழுந்துகொண்டிருந்த அன்று அது நின்றிருந்தது. ஆசிரியை என்னைப் பார்த்தார். உள்ளே நிலம் இடம்பெயர்ந்து ஊற்றின் வழியை அடைத்துவிட்டது; அடைபட்ட நீர் மலைக்குள் தேங்குகிறது; அது அவருக்கு உடனே புரிந்தது. மச்சானுக்கும் ஒன்று புரிந்தது. அவர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் அதற்குமுன் நான் காணாத அச்சம் இருந்தது.

"தண்ணிய நிறுத்திப்புட்டாரு. கோவமா இருக்காரு. பொம்பளைங்க, புள்ளைங்க ஒருத்தரும் இந்த எடத்துல நிக்கக்கூடாது. கௌம்புங்க எல்லாரும். அரிசி பருப்புன்னு எதையும் தேடாதீங்க."

விஞ்ஞானம் அசைக்க முடியாத லயத்தை அந்தச் சொல் அசைத்தது. பூசாரி தன் மகளின் கைக்குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்ததைக் கண்டவுடன் மற்றவர்களும் வாசலை விட்டு இறங்கினார்கள். கிழவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆசிரியை ஒவ்வொரு காம்பராவாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். மச்சான் மட்டும் உள்ளே போய், கற்பூரத்தையும் சுருட்டையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து, மேலே போகும் ஒற்றையடிப் பாதையில் கால் வைத்தார்.

குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்தேன். நீங்களும் வாருங்கள் என்றேன்.

"வீட்டுக்காரரு கோவத்துல இருக்கையில வேலக்காரன் ஓடலாமா மச்சான்? மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன். நீங்க ஒங்க பாட்டுல ஒண்ணப் பாடிக்கிட்டே எறங்குங்க, கால் வழுக்காது."

கையை விடுவித்துக்கொண்டார். சாய்ந்த தோளோடு, மழைக்குள், அவர் ஏறிப் போனார். மகள் கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முனியிடம் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம்.

நாங்கள் பாடசாலையை அடைந்து, பிள்ளைகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது ஓசை கேட்டது. இடியன்று. இடி முடிந்துவிடும், இது முடியவில்லை. தரை காலுக்குக் கீழே நடுங்கிற்று. பிறகு மழையின் ஓசை மட்டும் மீண்டது. வெளியே வந்து பார்த்தோம். காடு இருந்த இடத்தில் சிவந்த மண். அத்தி மரம் இல்லை. லயம் இருந்த இடம் தெரியவில்லை. என் மருமகள் அழவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, மண் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

தேடினார்கள். படையினரும் வந்து தேடினார்கள். மண் மீண்டும் இறங்கலாம் என்று நிறுத்திவிட்டார்கள். மச்சானின் உடல் கிடைக்கவில்லை. எரிக்க ஒன்றும் இல்லாத ஒரு வீட்டில் கருமாதி எப்படிச் செய்வது என்று எனக்கே தெரியாமல், வெறும் இலையில் நீர் தெளித்துச் செய்தோம்.

அதன்பின் பேச்சுகள் எழுந்தன. முனியை நாடா போட்டு அளந்ததால் வந்த கேடு என்று சிலர் சொன்னார்கள். ஆசிரியையின் காதுபடவே சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. முகாமாகிவிட்ட தன் வகுப்பறையின் மூலையில் என்னை இருத்திக் கேட்டார்.

"ஐயா, பயம் இல்லாமல் சொல்லிக் குடுத்தால் கேக்கினமில்லை. பயத்தோட சொல்லிக் குடுத்தால் விளங்கினமில்லை. நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?"

அந்தக் கேள்விக்கு இன்றும் விடை தேடுகிறேன். நான் ஓதும் பழம் பதிகங்கள் பலவற்றில் பாட்டின் முற்பகுதி நிலத்தைச் சொல்லும்: எந்த ஆறு, எந்த மரம், எந்தப் பறவை, எந்த மேகம். பிற்பகுதியில்தான் இறைவன் வருவான். நிலத்தை உற்றுப் பார்க்காதவனுக்கு அவனைப் பாடும் தகுதி இல்லை என்பதுபோல் அந்தப் பாட்டுகள் அமைந்திருக்கின்றன. இளமையில் நான் முற்பகுதியை விரைந்து கடந்து பிற்பகுதியில் உருகுவேன். இப்போது முற்பகுதியில் நின்றுவிடுகிறேன். அடிமுடி தேடிய கதையையும் அடிக்கடி எண்ணுகிறேன். ஒருவர் மண்ணை அகழ்ந்தார், ஒருவர் விண்ணில் பறந்தார், இருவரும் காணவில்லை. ஆகவே தேடாதே என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அகழ்ந்து பார்த்தவருக்குத்தான் அவன் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது. அகழாமல் கும்பிட்டவருக்கு அதுவும் தெரியாது. அறிய முடியாதது ஒன்று உண்டு என்பது உண்மை. ஆனால் அறியக்கூடியதையும் அதன் கணக்கில் சேர்த்துச் சாணம் மெழுகிவிடுவதைத் தெய்வம் கேட்கவில்லை.

என் மச்சான் ஊற்றைச் சரியாகத்தான் படித்தார். ஆபத்து என்று படித்தார், எல்லாரையும் இறக்கினார். ஆனால் அவர் கற்றிருந்த பொருள் அவரை மட்டும் எதிர்த்திசையில் நடக்கவைத்தது. அந்த அச்சம் இல்லாவிடில் கடைசி லயம் முழுவதும் மண்ணுக்குள் போயிருக்கும். அந்த அச்சம் இல்லாவிடில் அவர் இன்று இருப்பார். இவ்விரண்டும் உண்மை. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை.

மார்கழி கடைசியில் மற்றொரு செய்தி வந்தது. சரிவின் உதட்டில், இன்னும் மண் உதிரும் இடத்தில், சிலர் ஒரு கல்லை நட்டு மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். மச்சானுக்கு நட்ட கல். துர்ச்சாவு போனவர் தெய்வமாவது எங்களில் வழக்கம்; எல்லாரையும் இறக்கிவிட்டு மலைக்குள் போனவர் தெய்வமாகாமல் வேறு யார் ஆவார்? வெள்ளிக்கிழமை பெண்கள் குழந்தைகளோடு அங்கே ஏறி விளக்கு வைக்கத் தொடங்கினார்கள். போகாதீர்கள் என்று அதிகாரிகள் கட்டிய சிவப்பு நாடாவைக் குனிந்து தாண்டிப் போனார்கள். இனியொரு மழை வந்தால் அந்த உதடு நிற்காது.

ஆசிரியை என்னிடம், கல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டார். யார் எடுப்பது? அவர் எடுத்தால் அடித்துவிடுவார்கள். நான் எடுத்தால், முனிக்குச் சுருட்டு வைக்காத மனிதன் மச்சானையும் பொறுக்கவில்லை என்பார்கள். இதைப் பேசிக்கொண்டிருந்தபோது என் மருமகள் கூடாரத்தின் படங்கை விலக்கிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கொழுந்துக் கூடையை எடுத்துக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். சனங்களும் திரண்டார்கள்.

நாடாவுக்கு வெளியே எங்களை நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் போனாள். விழுந்து கும்பிட்டாள். பிறகு கல்லைப் பெயர்த்துக் கூடைக்குள் வைத்து, தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். சாமியைப் பிடுங்கினால் கை விளங்காது என்று கூட்டத்தில் ஒரு கிழவி சபித்தாள். அவள் நின்று அந்தக் கிழவியைப் பார்த்துச் சொன்னாள்.

"வெளங்காமப் போகட்டும் பாட்டி. எங்கப்பா மண்ணுக்குள்ள இருக்காரு, அத மாத்த முடியாது. அவரப் பாக்கப் போயி இன்னொரு வீட்டுப் புள்ள உள்ள போனா, அத அவரால தாங்க முடியாது."

கல்லைப் பாடசாலை வளவின் வேலியோரம், மலையின் சரிவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இறக்கி வைத்தாள். எல்லாரும் ஏற்கவில்லை. பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மேலே மறுபடி வேறு கல் நடப்போவதாகவும் பேச்சிருக்கிறது. நட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தோடுதான் இதை எழுதுகிறேன். அன்று அவள் என்னைப் பார்த்து, "மாமா, ஒண்ணு பாடுங்க" என்றாள். பலி வாங்கும் கல்லின் முன் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்று பாடினேன். ஆறும் மரமும் மேகமும் வரும் முற்பகுதியை நிறுத்தி நிறுத்திப் பாடினேன். ஆசிரியை பிள்ளைகளை அழைத்து, அந்தக் கல்லின் அருகே நின்று, இவர் எதைக் கண்டார், அது என்ன சொல்லிற்று, அது சொன்னால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கதை கட்டவில்லை. சொல்லிவிட்டு அழுதார்.

இதை வாசிக்கும் நீங்கள் எந்த ஊரினராயினும், எந்தத் தெய்வத்தைத் தொழுவாராயினும், உங்கள் காலடி நிலம் உறுதியாக நிற்பதாக. அது அசையும் நாளில் அதைக் கேட்கும் செவி உங்களுக்கு வாய்ப்பதாக. கேட்டபின் இறங்கிப் போகும் துணிவும், உடன் அழைத்துப் போக உறவும் வாய்ப்பதாக. உங்கள் பிள்ளைகள் தொழுவதை உற்றுப் பார்க்கவும், உற்றுப் பார்த்ததைத் தொழவும் கற்றவர்களாய் நெடுநாள் வாழ்வார்களாக. எல்லாருக்கும் அவன் அருள் உண்டாகுக.